இயற்பியலில் 41 வாங்கியவள் நர்சிங் சேரலாமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில், சயின்ஸ் குரூப்பில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். தமிழ் 78, ஆங்கிலம் 49, இயற்பியல் 41, வேதியியல் 43, தாவரவியல் 58, விலங்கியல் 62. பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து ஆசை. எங்கள் ஊருக்கு வந்த ஒருவர், "ஒவ்வொரு சப்ஜெக்ட்டிலும் 45 இருந்தால்தான் தமிழ்நாட்டில் சேர முடியும், உனக்கு இரண்டு சப்ஜெக்ட் போய்விட்டது" என்றார். வெளி மாநிலத்தில் இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி இருபதாயிரம் முன்பணம் கேட்கிறார். டிசியையும் மார்க் ஷீட்டையும் ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் நீட் எழுதவில்லை. கண்ணாடி போட்டிருக்கிறேன், பவர் மைனஸ் நாலு. பள்ளியில் சீக்கிரம் சேர்த்துவிட்டதால் இந்த டிசம்பர் 9ஆம் தேதிதான் 17 வயது முடிகிறது. அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், அண்ணன் பாலிடெக்னிக் முடித்து வேலையில் இருக்கிறான். எனக்குத் தகுதி இருக்கிறதா? காமர்ஸ் குரூப் படித்த என் தோழியும் கேட்கச் சொன்னாள். அவள் நர்சிங் சேரலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்:

அன்பு மகளுக்கு,

உனக்குத் தகுதி இருக்கிறது. அந்த ஆள் சொன்னது தவறு. எங்கே தவறு என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

டிசியையும் மதிப்பெண் சான்றிதழையும் திருப்பி வாங்கு. நாளைக்கே போ. தனியாகப் போகாதே, அப்பாவும் அண்ணனும் கூட வரட்டும். முடிந்தால் உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, அவரை அந்த ஆளிடம் ஒரு வார்த்தை போனில் பேசச் சொல். "வேறு ஏற்பாடு செய்துகொண்டோம், சான்றிதழைக் கொடுங்கள்" என்று கேட்டால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, வாக்குவாதமும் வேண்டாம். பணம் கட்டினால்தான் தருவேன் என்று அவர் சொன்னால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகளே பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. ஊர் ஊராகச் சுற்றி ஆள் பிடிப்பவருக்கு எங்கிருந்து அந்த உரிமை வரும்? கிடைக்கவே இல்லை என்றால் டிசிக்குப் பள்ளியிலும், மதிப்பெண் சான்றிதழுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலும் இரண்டாம் படி கேட்கலாம். ஆனால் அதற்கு நாள் பிடிக்கும், கவுன்சலிங் தேதி உனக்காகத் தள்ளிப்போகாது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம்.

பி.எஸ்சி. நர்சிங்குக்கு நாடு முழுவதற்குமான அடிப்படைத் தகுதியை வகுத்திருப்பது இந்திய நர்சிங் கவுன்சில். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். மூன்றிலும் சேர்த்து 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தனியாகத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 45க்குப் பதில் 40. "சேர்த்து" என்ற அந்த ஒரு சொல்லை முழுங்கிவிட்டுத்தான் அவர் உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார்.

ஒரு தாளை எடு. சயின்ஸ் குரூப்பில் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்ததுதான் உயிரியல். 58ஐயும் 62ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் உயிரியல் 60. அதனுடன் இயற்பியல் 41, வேதியியல் 43. மொத்தம் 300க்கு 144. அது 48 சதவீதம். நான்கு பாடத்தையும் அப்படியே 400க்குக் கூட்டினாலும் 204 வருகிறது, 51 சதவீதம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நீ கோட்டுக்கு மேலேதான் நிற்கிறாய். ஆங்கிலத்தில் 49, அதில் பிரச்சினையே இல்லை.

இருபத்தெட்டு வருடம் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுத்தேன், அதில் பாதிக்கு மேல் சேர்க்கைப் பிரிவையும் பார்த்துக்கொண்டேன். மார்க் போதாமல் திரும்பிப் போன பிள்ளைகளை விட, மார்க் இருந்தும் "போதாது" என்று யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பிக்காமலே விட்ட பிள்ளைகள்தான் அதிகம். அவர்களெல்லாம் அடுத்த வருடம் எங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அந்த ஒரு வருடத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போயிருப்பார்கள். உன் கடிதத்தைப் படித்தபோது அந்த முகங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

தகுதி வேறு, ரேங்க் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. 48 சதவீதம் உன்னை வரிசையில் நிற்க வைக்கிறது. வரிசையில் எத்தனையாவது ஆளாக நிற்கிறாய் என்பதைக் கட்-ஆஃப் சொல்லும். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு இதை 200க்குப் போடுகிறது: உயிரியல் 100க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாக. உனக்கு 60 + 20.5 + 21.5 = 102.

இதில் உண்மையை மறைத்து ஆறுதல் சொல்ல மாட்டேன். சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு போன்ற இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகளோடு இருக்கும் அரசு நர்சிங் கல்லூரிகளில் 102க்கு இடம் கிடைக்காது. அங்கே கட்டணம் குறைவு, இடமும் குறைவு, மிக உயர்ந்த கட்-ஆஃபிலேயே நிரம்பிவிடும். ஆனால் தனியார் கல்லூரிகள் தங்கள் இடங்களில் ஒரு பங்கை அரசு ஒதுக்கீட்டுக்குக் கொடுக்கின்றன, அவையும் இதே கவுன்சலிங்கில்தான் நிரப்பப்படுகின்றன. அந்த இடங்களுக்கு, பின் சுற்றுகள் வரை பொறுத்திருந்தால், உனக்கு வாய்ப்பு இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதே. ஆன்லைனில் கல்லூரிகளைத் தேர்வு செய்யும்போது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கைந்தோடு நிறுத்திவிடாதே. நல்ல கல்லூரி என்று விசாரித்து வைத்த எல்லாவற்றையும், தூரமாக இருந்தாலும், வரிசையாகப் போட்டுவிடு. பட்டியல் குட்டையாக இருந்ததால் இடம் தவறிய பெண்களை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன்.

நீட் எழுதாதது பற்றிக் கவலைப்படாதே. தமிழ்நாட்டு அரசுக் கவுன்சலிங்கில் இதுவரை பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. புதுச்சேரி ஜிப்மருக்கும் ராணுவ நர்சிங்குக்கும் நீட் மதிப்பெண் வேண்டும். எய்ம்ஸ் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறது, அதற்கு விண்ணப்பிக்கவே பொதுப் பிரிவில் 55 சதவீதம் தேவை. வேலூர் சி.எம்.சி.க்குச் சொந்தச் சேர்க்கை முறை. இதையெல்லாம் உன்னை எழுதச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. "நர்சிங்குக்கு நீட் வேண்டும்" என்று ஒருவர் சொல்வார், "வேண்டாம்" என்று இன்னொருவர் சொல்வார், இருவருமே ஏதோ ஒரு கல்லூரியை மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள். எந்தக் கல்லூரிக்கு என்று கேட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு விஷயம் மட்டும். 1947ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டம் வந்திருக்கிறது, அது சேர்க்கைக்கு ஒரே மாதிரியான நடைமுறையைப் பற்றிப் பேசுகிறது. அதனால் போன வருடம் சேர்ந்த அக்கா சொன்னதை வைத்து முடிவெடுக்காதே. இந்த வருடத் தகவல் கையேட்டை நீயே இறக்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படி. அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் படி.

வயது: சேரும் வருடத்தின் டிசம்பர் 31க்குள் 17 முடிந்திருக்க வேண்டும். உனக்கு டிசம்பர் 9. இருபத்திரண்டு நாள் முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

கண்ணாடி தடையே இல்லை. மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள், உடல் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். நிறக்குருடு இருப்பவர்கள்கூட அதைச் சரிசெய்யும் கண்ணாடியோ லென்ஸோ அணிந்தால் சேரலாம் என்று கவுன்சிலின் பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மைனஸ் நாலு பவரோடு ஐசியுவில் இரவு டியூட்டி பார்த்த என் மாணவிகள் எத்தனையோ பேர்.

இனி, நீ கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னைப் பொறுத்தவரை உன் கடிதத்தில் மிக முக்கியமான விஷயம் அதுதான். உனக்குத் தகுதி இருக்கிறதா என்று ஐந்து விதமாகக் கேட்டிருக்கிறாய். அவர் சொல்லும் கல்லூரிக்குத் தகுதி இருக்கிறதா என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. கல்லூரியின் பெயரைக்கூட நீ எழுதவில்லை. அவர் உன்னிடம் பெயரைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெண் தன் அம்மாவோடு எங்கள் கல்லூரிக்கு வந்தாள். ஒரு சிறு நகரத்தில் இரண்டு வருட "நர்சிங் டிப்ளமா" முடித்திருந்தாள், எங்களிடம் பி.எஸ்சி.யில் நேராக இரண்டாம் வருடத்தில் சேர வேண்டும் என்றாள். கோப்பைத் திறந்து காட்டினாள். தடித்த அட்டையில் தங்க எழுத்துச் சான்றிதழ். அடையாள அட்டையில் ஸ்டெதஸ்கோப் படம். யூனிஃபார்ம் போட்டு எடுத்த போட்டோ, எங்கள் பிள்ளைகளின் யூனிஃபார்ம் போலவே இருந்தது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "கவுன்சிலில் ரெஜிஸ்டர் பண்ணிட்டியாம்மா?" அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. வகுப்பு நடந்தது ஒரு கடைக்கு மேல் மாடியில், தகரக் கூரை போட்ட இரண்டு அறையில். வார்டுக்குப் போனது மொத்தமாக இருபது நாள், அதுவும் ஒரு சின்ன கிளினிக்கில். நர்சிங் கவுன்சிலுக்கு அந்த இடம் இருப்பதே தெரியாது. அந்தச் சான்றிதழை வைத்து அவள் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது, பதிவு இல்லாமல், அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. பி.எஸ்சி.யில் நேராக இரண்டாம் வருடம் என்ற வழியே கிடையாது. அவள் அழவில்லை, அம்மாதான் அழுதார். ஒரு பசுவை விற்றுக் கட்டிய பணம் என்றார். அடுத்த வருடம் அவள் முறையாகக் கவுன்சலிங் வழியாக வந்து முதல் வருடத்தில் சேர்ந்தாள். படித்து முடித்தாள், இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். ஆனால் அந்த மூன்று வருடத்தையும் அந்தப் பசுவையும் யார் திருப்பித் தருவார்கள்?

ஆகவே எந்தக் கல்லூரியாக இருந்தாலும் மூன்று இடத்தில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார். தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிப் பட்டியலில் இருக்கிறதா? தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா? இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா? மூன்றும் இணையத்திலேயே கிடைக்கும். பார்க்கும்போது பெயரை எழுத்து எழுத்தாகப் பார், ஏனென்றால் ஒரே அறக்கட்டளை ஒன்றிரண்டு கல்லூரி நடத்தும், அதில் ஒன்றுக்கு அனுமதி இருக்கும், மற்றதற்கு இருக்காது. எந்தப் படிப்புக்கு அனுமதி, எத்தனை இடத்துக்கு அனுமதி என்பதையும் பார். வெளி மாநிலக் கல்லூரி என்றால் அந்த மாநிலப் பல்கலைக்கழகமும் அந்த மாநிலக் கவுன்சிலும். வெளி மாநிலம் என்றாலே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே நன்றாகப் படித்து வந்து இங்கே சிறப்பாக வேலை செய்யும் நர்சுகளை எனக்குத் தெரியும். அவர்கள் அங்கே பதிவு செய்துவிட்டு இங்கே வந்து மறுபடி தமிழ்நாடு கவுன்சிலில் பதிந்துகொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் முன்பணம் கேட்பவர், "அட்டெண்டன்ஸ் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள்" என்பவர், இவர்கள் வாசலுக்கே வரக்கூடாது. நர்சிங்கில் எழுத்துப் பாடத்துக்கும் செய்முறைக்கும் 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வே எழுத முடியும். பட்டம் வாங்குவதற்கு முன் செய்முறை நூற்றுக்கு நூறு முடித்திருக்க வேண்டும். வராமலே நர்ஸ் ஆகலாம் என்பவர், நாளைக்கு ஒரு நோயாளியின் கையில் ஊசி போடப் போவது நீ என்பதை நினைத்துப் பார்க்காதவர்.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதுமா என்றால், என் மனம் அதோடு நிற்காது. முடிந்தால் நேரில் போய்ப் பார். கட்டடத்தைப் பார்க்காதே. வாசலில் நிற்கும் மூன்றாம் வருட மாணவியிடம், "அக்கா, நேற்று எந்த வார்டில் டியூட்டி?" என்று கேள். "மெடிக்கல் வார்டு, பெட் 14லிருந்து 18" என்று சட்டென்று பதில் வந்தால் அது நல்ல கல்லூரி. அவள் யோசித்தாலோ, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தாலோ, அப்புறம் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே தள்ளிவிடு. கல்லூரிக்கென்று குறைந்தது நூறு படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனையோ தாய் மருத்துவமனையோ (கல்லூரியை நடத்துபவர்களின் மருத்துவமனை) வேண்டும், மாணவி ஒருவருக்கு மூன்று நோயாளி என்ற விகிதம் வேண்டும் என்பது கவுன்சிலின் கணக்கு. படுக்கை இருப்பது வேறு, படுக்கையில் நோயாளி இருப்பது வேறு. காலை பத்து மணிக்கு ஓ.பி. எப்படி இருக்கிறது என்று ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்து தாலுகா அலுவலகத்தில் முடிய நாளாகும், அதனால் இந்த வாரமே போடு. முதல் பட்டதாரிச் சலுகை உனக்குக் கிடைக்காது என்று யாராவது அண்ணனைக் காட்டிச் சொல்வார்கள். அண்ணன் படித்தது பாலிடெக்னிக் டிப்ளமா, பட்டம் அல்ல. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி தொடங்கி வேறு யாரும் டிகிரி வாங்கவில்லை என்றால் நீதான் முதல் பட்டதாரி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். கல்லூரியில் சேர்ந்ததும் அதற்கென்று இருக்கும் பொறுப்பாசிரியரைக் கேள்.

எல்லாச் சான்றிதழையும் ஒரு மேஜையில் பரப்பி வைத்து, உன் பெயரையும் அப்பா பெயரையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார். எங்கள் மேஜையில் அதிக நேரம் தின்றது மார்க் அல்ல, எழுத்துதான். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் "முனியாண்டி", சாதிச் சான்றிதழில் "முனியண்டி", ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால். சரிபார்ப்பு நாளன்று காலை பதினொரு மணிக்கு இதைக் கண்டுபிடித்தால், அப்பா வேலையை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு ஓட வேண்டியிருக்கும். இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு பார்த்துவிட்டால் திருத்துவதற்கு நேரம் இருக்கும்.

நீ வெளிப்படையாக எழுதாவிட்டாலும், 41ஐயும் 49ஐயும் பார்த்து உனக்குள் ஒரு பயம் இருக்கிறது என்று தெரிகிறது. இயற்பியலே வராத எனக்கு இந்தப் படிப்பு வருமா, தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று. எட்டு செமஸ்டரில் இயற்பியல் என்று தனிப் பாடம் எங்கேயும் வராது. முதல் செமஸ்டரில் உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள், கூடவே பேச்சு ஆங்கிலத்துக்கு என்றே ஒரு பாடம். உயிரியலில் அறுபது எடுத்த உனக்கு உடற்கூறியல் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் கணக்கு வரும், அதில் ஒளிய முடியாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். டாக்டர் 500 மில்லி சலைன் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும் என்று எழுதுகிறார். டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு 21 சொட்டு. கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டர் சக்கரத்தை விரலால் உருட்டி, ஏறக்குறைய மூன்று விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறதா என்று நின்று எண்ண வேண்டும். வேகமாகப் போனால் இதயம் பலவீனமான ஒருவருக்கு மூச்சு வாங்கிவிடும். இவ்வளவுதான் கணக்கு, ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, கண் எரியும்போது, தப்பில்லாமல் போட வேண்டும். இயற்பியலில் 90 எடுத்த பிள்ளைகளும் இதில் தடுமாறியிருக்கிறார்கள், 41 எடுத்த பிள்ளைகளும் ஒரு சொட்டு பிசகாமல் வைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கு இப்போதே ஒரு வேலை செய். விலங்கியல் புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மனித உடல் பற்றிய பாடங்களைத் தமிழ்ப் புத்தகத்தோடு பக்கத்தில் பக்கமாக வைத்துப் படி. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை போதும். கிட்னி, லிவர், லங்ஸ் எல்லாம் உனக்கு ஏற்கெனவே தெரிந்தவைதானே. கல்லூரி திறப்பதற்குள் ஐந்நூறு வார்த்தை சேர்ந்துவிடும். தமிழ் வழியில் வந்த பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதம் கஷ்டமாக இருக்கும், உண்மைதான். ஆனால் நோயாளியிடம் நின்று பேச ஆரம்பித்ததும் அந்த வார்டில் முன்னால் நிற்பவர்கள் அவர்கள்தான். "எங்கம்மா வலிக்குது, குத்துற மாதிரியா, எரியிற மாதிரியா?" என்று கேட்கத் தெரிந்தவள் பாதி நர்ஸ் ஆகிவிட்டாள். 

உன் தோழிக்கு: காமர்ஸ் குரூப்பில் உயிரியல், வேதியியல் இல்லாததால் நேராக பி.எஸ்சி. சேர முடியாது. ஆனால் மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமாவுக்கு, பிளஸ் டூவில் 40 சதவீதமும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் இருந்தால் எந்த குரூப் படித்தவர்களும் சேரலாம் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை இருப்பதால் அரசு நர்சிங் பள்ளிகளில் அவளுக்கு வாய்ப்பு குறைவு, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளில் விசாரிக்கட்டும். அதை முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டால் பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டமும் வாங்கலாம். ஒரு வருடம் கூடுதலாகும், ஆனால் டிப்ளமா முடித்ததும் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துவிட்டு அதன் பிறகும் படிக்கலாம். உனக்குச் சொன்ன பட்டியல் சோதனை அவளுக்கும் பொருந்தும், இன்னும் கறாராகவே பொருந்தும், ஏனென்றால் மாடித் தகரக் கூரைகள் அதிகம் தேடுவது அவளைப் போன்ற பிள்ளைகளைத்தான்.

அம்மாவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டு. இருபதாயிரத்தை வெளியே கொடுக்க வேண்டாம், ஹாஸ்டலுக்கும் புத்தகத்துக்கும் யூனிஃபார்முக்கும் தேவைப்படும் என்று சொல். டிசி கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுது. நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.